வலது சீட்டுக்கு ஒரு ஆள்

போன வெள்ளிக்கிழமை ஏரல் பஸ்ஸில் கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன்.

டிக்கெட் எடுக்காததற்கு அல்ல. சில்லறைத் தகராறும் அல்ல. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி ஆட்டியதற்கு! 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று என் தலைக்கு நேர் மேலேயே சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது.

"டீச்சர்! கைய உள்ள எடுங்க! பிள்ளையளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குதவுக நீங்களே இப்பிடிச் செஞ்சா, மத்த சனம் என்ன செய்யும்?"

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கோபம் வரவில்லை. (வழக்கமாக வரும். வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.) கண்டக்டர் சொன்னது நியாயம்தான். ஆனால், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கணக்கு டீச்சரின் கை எதற்காக அப்படி வெளியே போயிற்று? அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் பச்சைக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆமாம்... அதே பச்சைக் கார்தான். "ஒன்று காரைப் பற்றி எழுதுவதை நிறுத்துங்கள், அல்லது காரையே நிறுத்துங்கள்" என்று மணப்பாட்டு வாசகர் ஒருவர் சலித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நல்ல செய்தி. காரை விற்றுவிட்டேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. என் கணவர் தூத்துக்குடிப் புதுத் துறைமுக வேலையில் எஞ்சினியர். கடலுக்குள் பாறாங்கல்லாகக் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்த சமயம். அதற்கு யோசனை சொல்ல வந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்புகிறபோது தன்னுடைய சின்னக் காரை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். கம்பெனி பெயர் வேண்டாம். ஐரோப்பாவில் எங்கோ பிறந்தது, தூத்துக்குடிக்கு வந்து சிரமப்பட்டது... அவ்வளவு போதும்.

எஞ்சின் பின்னால். டிக்கி முன்னால். காற்றுப்பட்டே ஆறுகிற எஞ்சின், அதனால் ரேடியேட்டர் கிடையவே கிடையாது. நடு ரோட்டில் நின்றுபோனால், பாவம், பக்கத்து வீட்டிலிருந்து யாராவது குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். "எங்கன ஊத்தணும்?" என்று கேட்பார்கள். எங்கேயும் ஊற்ற வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடிவிடும். அவர்கள் மனசு நோகக் கூடாதே என்று பல தடவை அந்தத் தண்ணீரை நான் வாங்கிக் குடித்திருக்கிறேன்.

செலவு? அதை ஏன் கேட்கிறீர்கள்! பனிக்கும் குளிருக்கும் தாங்குகிற மாதிரிச் செய்த கார் அது. உப்பளக் காற்றைப் பற்றி அந்த ஊர்க்காரர்களிடம் யாருமே சொல்லவில்லை போலிருக்கிறது. முதலில் துரு பிடித்தது என் காலடியில். வலது சீட்டுக்கு முன்னால் தரை பொத்துக்கொண்டு, கீழே ரோடு ஓடுவது தெரிந்தது. மழை பெய்தால் கால் தானாகவே கழுவப்பட்டுவிடும். கடைசியில் மைக்கேல் மெக்கானிக் ஒரு பிஸ்கட் டின்னை வெட்டி அங்கே பற்ற வைத்தார். அதற்குப் பிறகு நான் கால் வைக்கிற போதெல்லாம் அது 'டொக்' என்றது.

மைக்கேலுக்கு எதையும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. அவர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் எப்போதும் கொஞ்சம் நட்டும் வாஷரும் மிஞ்சும். "இதெல்லாம் கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டு விட்டது டீச்சர். நம்ம ரோட்டுக்குத் தேவையில்ல" என்று அவற்றை ஒரு டப்பாவில் போட்டு மூடுவார். ஃபேன் பெல்ட் அறுந்தபோது மதராஸில் கிடைக்கவில்லை, பம்பாயிலும் கிடைக்கவில்லை. மாவு மில் பெல்ட்டை அறுத்து ஒட்டி மாட்டினார். அன்றிலிருந்து கார் மிளகாய் அரைக்கிற மாதிரிச் சத்தம் போட்டது. நாங்கள் வருவது இரண்டு தெருவுக்கு முன்னாலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சங்கடம் வேறு. அந்தக் காரில் ஸ்டியரிங் இடது பக்கம்!

நம் ஊரில் இடது பக்கமாகப் போகிறோம். டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். முன்னால் ஒரு லாரி போனால், கொஞ்சம் எட்டிப் பார்த்தால் எதிரே வருவது தெரியும். எங்கள் காரிலோ டிரைவர் ரோட்டோரத்துப் பக்கம் உட்கார்ந்திருப்பார். லாரியின் முதுகைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. எதிரே காலியா, பஸ் வருகிறதா... பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வலது பக்கம் திரும்புகிறோம் என்று கை காட்டுவதும் அவர் வேலைதான். (காரிலேயே அதற்கு விளக்கு இருந்தது. அதையும் உப்புக் காற்று தின்றுவிட்டது.)

அந்தப் பக்கத்து ஆள் நான்.

எங்கள் தொழிலுக்கு இரண்டே வார்த்தைகள். "பொறுங்க." "போலாம்."

எஞ்சினியர் வண்டியை லாரிக்குப் பின்னால் கொண்டுபோய், "ம்?" என்பார். நான் எட்டிப் பார்ப்பேன். "பொறுங்க..." ஒரு மாட்டுவண்டி கடக்கும். "பொறுங்க..." ஒரு சைக்கிள். "போலாம்!" உடனே கார் பாயும். ஏன், எதற்கு, நன்றாகப் பார்த்தாயா என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. வீட்டில் சட்னிக்கு உப்புப் போதுமா என்பதில்கூட என்னை நம்பாத மனிதர்! நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களும் நிறைய உண்டு. ஆனால் காரில் ஏறிவிட்டால் பேசித்தானே ஆக வேண்டும்? காலையில் 'போலாம்' என்று வெடுக்கென்று விழுகிற வார்த்தை, சாயங்காலம் திரும்பும்போது கொஞ்சம் இறங்கியிருக்கும். அதிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு மீன் உண்டு என்று.

இதில் ஊர் ஒரு தப்புச் செய்தது. அந்தத் தப்பைத் தூத்துக்குடி தவிர வேறு எந்த ஊரும் செய்திருக்காது.

யோசித்துப் பாருங்கள். கார் வருகிறது. வலது பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே கை நீட்டிச் சிக்னல் காட்டுகிறாள். தலையை நீட்டி ரோட்டைப் பார்க்கிறாள். இடது பக்கம் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் ஓட்டுவது யார்?

"டீச்சர்தாம்ல ஓட்டுதாவ! எஞ்சினியர் சும்மா சாஞ்சு இருந்து வாராரு, பாத்தியா!"

மீன் சந்தையில், மார்க்கெட்டில், கோயில் வாசலில் இதே பேச்சு. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னைத் தெய்வமாகவே பார்த்தார்கள். மாதர் சங்கத்தில் 'பெண்கள் முன்னேற்றம்' பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். எனக்கோ அந்தக் காரில் சாவி எங்கே போடுவது என்றுகூடத் தெரியாது! "உண்மையைச் சொல்லிவிடட்டுமா?" என்று எஞ்சினியரிடம் கேட்டேன். "சும்மா இரு. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று அவர் இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் போய்விட்டார். வேலை நடக்கிற இடத்திலேயே நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்கு அவரை லாரியில் கொண்டுபோனார்கள். அதைப் பற்றி அந்தச் சமயத்தில் இந்தப் பக்கத்தில் எழுதவில்லை. இப்போதும் இதற்கு மேல் எழுத முடியாது.

துக்கத்துக்கு வந்த மளிகைக் கடை அண்ணாச்சி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மனசத் தளர விடாதீக டீச்சர். காரு ஓட்டுத பொம்பள நீங்க. ஒத்தையில சமாளிச்சிருவீக."

அழுதுகொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்தவர்கள் எல்லோருமே அதைத்தான் சொன்னார்கள். நல்லவேளை, கார் ஓட்டத் தெரியும்! என்ன செய்வது? அத்தனை பேரிடமும் போய், எனக்கு ஓட்டத் தெரியாது, அவர்தான் ஓட்டினார் என்று சொல்ல முடியுமா? சொன்னால் அவர் அத்தனை வருடம் சாய்ந்து உட்கார்ந்து சிரித்த சிரிப்பு வீணாகிவிடாதா?

கற்றுக்கொண்டேன். முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்துக்கு நடுவே போகிற ரோட்டில், விடியற்காலையில், மைக்கேலைக் கூட்டிக்கொண்டு போய், ஊருக்குத் தெரியாமல். லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசர் "உங்களுக்கு எதுக்கு டெஸ்ட்? வருஷக்கணக்கா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார். அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி டெஸ்ட் வைக்கச் சொன்னேன். பாஸாகிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. இப்போது நான் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறேன். வலது பக்கம் காலி. எதிரே வருகிறவர்கள் வலது பக்கத்தைத்தானே பார்ப்பார்கள்? பார்த்தால் யாருமே இல்லை! மீன் சந்தைத் திருப்பத்தில் ஒரு பாட்டையா "மாதாவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டார். எஞ்சினியர் ஓட்டியபோது நான் ஓட்டுவதாக நினைத்த ஊர், நான் ஓட்டியபோது யாருமே ஓட்டவில்லை என்று நினைத்தது. வீட்டுக்கு வந்து சிரித்தேன். இதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லையே என்று உறைத்தபோது அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

ஆனால், ஓட்டக் கற்றுக்கொண்டேனே தவிர, முந்திக்கொண்டு போகக் கற்றுக்கொள்ள முடியவில்லை. யார் எட்டிப் பார்த்துச் சொல்வது? வலது சீட்டில் என் கைப்பையும் பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பர்க் கட்டும்தான் உட்கார்ந்திருக்கும். முன்னால் உப்பு லாரி போனால் உப்பு லாரி வேகம்தான் என் வேகம். மாட்டுவண்டி போனால் நானும் மாட்டுவண்டி. போன வருடம் எங்கள் நாசரேத்து சபையின் அசனப் பண்டிகைக்குக் கிளம்பினேன். ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு சாப்பிடுகிற நாள் அது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. நேரத்தோடு புறப்பட்டும், வழியில் ஒரு பனையோலை வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு ஓலை. பின்னால் நான். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்கள் இரண்டு வண்டிகளையும் தாண்டிப் போனார்கள். போய்ச் சேர்ந்தபோது அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் டீச்சர் இவ்வளவு நேரம்? சொந்தக் காருல வந்தும்?" என்று கேட்டார்கள். 

ஆள் பிடித்துப் பார்த்தேன். வேம்பார் ரோட்டில் பஸ்ஸுக்காக நின்ற மீன்காரம்மாள் செலஸ்தீனாளை, கூடையோடு வலது சீட்டில் ஏற்றிக்கொண்டேன். முன்னால் ஒரு லாரி. "செலஸ்தீனாளம்மா, எதுக்க என்னமும் வருதான்னு பாத்துச் சொல்லுங்க, போலாமா?" என்றேன்.

"எனக்கு என்ன தெரியும் டீச்சர்? மாதா இருக்கா. நீங்க பாட்டுக்குப் போங்க!"

நான் போகவில்லை. மாதா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மாதா எந்த சீட்டில் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியவில்லையே.

பம்பாயில் இருக்கிற மகள், "வித்துருங்கம்மா, விலைவாசி இருக்கிற இருப்பில் இந்தக் கார் எதற்கு?" என்று ஒவ்வொரு லீவுக்கும் சொல்லிவிட்டுப் போவாள். பெட்ரோல் விலை ஏறியபோது ஊரில் பாதிக் கார்கள் ஷெட்டுக்குள் போய்விட்டன. மைக்கேலுக்குக் கொடுத்துக் கொடுத்தே என் சம்பளம் கரைந்தது. விற்பதுதான் புத்திசாலித்தனம். கணக்கு டீச்சருக்கு இது தெரியாதா? தெரியும். கார் போனால் போகட்டும். அந்த வலது சீட்டும் அதோடு போய்விடுமே... உலகத்தில் ஒருவர் என் வார்த்தையை மட்டும் நம்பி, கண்ணை மூடிக்கொண்டு உயிரை ஒப்படைத்த இடம் அது ஒன்றுதான்.

இப்படி இருந்தபோதுதான் முத்தையா அண்ணாச்சி வந்தார். ஆழ்வார்திருநகரியில் பாத்திரக் கடை. தூத்துக்குடிக்கும் ஊருக்கும் சரக்கு எடுத்துப் போகச் சின்னக் கார் வேண்டுமாம். மைக்கேல் சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் காரை விற்கிற மாதிரியா பேசினேன்? தரையில் ஓட்டை இருந்ததைச் சொன்னேன். மாவு மில் பெல்ட்டைச் சொன்னேன். மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆகாது, தள்ள ஆள் வேண்டும் என்றேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சர், இதெல்லாம் பாத்திரத்துல ஓட்ட விழுந்தா அடைக்கது மாதிரிதான. நான் அடைச்சுக்கிடுதேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாப்பமா?"

அவர் இடது பக்கம் ஏறினார். நான்... வலது பக்கம்.

இரண்டு வருடமாக நான் அந்த சீட்டில் உட்காரவில்லை. காலை வைத்ததும் பிஸ்கட் டின் 'டொக்' என்றது.

முள்ளக்காட்டு ரோடு. முன்னால் ஓர் உப்பு லாரி. அண்ணாச்சி காரை வலது பக்கம் கொஞ்சம் ஒடித்தார், ஒன்றும் தெரியவில்லை, பயந்து உள்ளே இழுத்தார். மறுபடி ஒடித்தார். எனக்குத் தெரியாமலே என் தலை வெளியே போயிற்று.

"பொறுங்க" என்றேன்.

எதிரே ஒரு பஸ் வந்தது. போயிற்று. அதற்குப் பின்னால் ஒரு சைக்கிள். போயிற்று.

"போலாம்!"

கார் லாரியைத் தாண்டியது. அப்புறம்தான் எனக்கே கேட்டது, அந்த 'போலாம்' எந்தக் குரலில் வந்தது என்று. எஞ்சினியரிடம் சொல்கிற குரல். சாயங்காலக் குரல். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அண்ணாச்சி பார்த்துவிடக் கூடாதே என்று வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டேன். வரிசையாக உப்புக் குவியல், வெயிலில் கண் கூசியது. கண் கூசியதால்தான் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

லாரி பின்னால் மறைந்த பிறகு அண்ணாச்சி கேட்டார்:

"டீச்சர், இது ஒத்த ஆளு ஓட்டுத காரு இல்லலா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்பம் இம்புட்டு நாளா நீங்க ஒத்தையில எப்பிடி ஓட்டுனீக?"

"யாரையும் முந்தாம ஓட்டுனேன்."

வீட்டு வாசலில் இறங்கும்போது, "நாளைக்கு எங்க வீட்டுலயும் கூட்டிட்டு வாரேன்" என்றார்.

மறுநாள் அவர் மனைவி சிவகாமியம்மாள் வந்தார். என் வயசுதான் இருக்கும். கழுத்து நிறைய நகை, வாய் நிறைய மௌனம். விஷயத்தைச் சொன்னதும் கையைப் பிசைந்தார்.

"நான் என்னத்த டீச்சர் பாத்துச் சொல்ல? கட்டி வந்த நாள்லருந்து நான் சொல்லி இவுக ஒண்ணு கேட்டதில்ல."

"இதுல கேட்டுத்தான் ஆகணும். கேக்கலேன்னா லாரிக்குள்ள போய் முட்டணும்."

அண்ணாச்சி சிரித்தார். சிவகாமியம்மாள் சிரிக்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டே வலது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் பின் சீட்டில்.

போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். சந்தேகம் வந்தால் 'பொறுங்க' என்றே சொல்லுங்கள். 'போலாம்' என்று சொல்லிவிட்டால் பாதியில் மனசை மாற்றாதீர்கள். லாரி கிளீனர் கையை ஆட்டி, வா வா என்பான். அவனை நம்பாதீர்கள். அடுத்தவர் கையைப் பார்த்துச் சொல்லாதீர்கள், நீங்களே எட்டிப் பாருங்கள். அந்த நேரத்தில் கடல், கோயில், தெரிந்தவர்கள், தெரியாதவர்கள்... ஒன்றையும் பார்க்காதீர்கள். ரோடு, ரோடு மட்டும்தான்.

முதல் லாரி வந்தது. சிவகாமியம்மாள் எட்டிப் பார்த்தார். "பொறுங்க" என்றார். கொசு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அண்ணாச்சிக்குக் கேட்டதோ இல்லையோ... அவர் பாட்டுக்கு ஒடித்துவிட்டார். எதிரே ஜீப்! பிரேக் போட்ட வேகத்தில் மூன்று பேரும் முன்னால் போய் வந்தோம். அண்ணாச்சியின் தோள் துண்டு ஸ்டியரிங்கில் சுற்றிக்கொண்டது. ஜீப்காரர் எங்கள் குடும்பங்களைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி துண்டை உருவி மடியில் போட்டுக்கொண்டார். அந்த லாரி தூரத்தில் போய் மறைந்தது. அப்புறம் ஒரு வைக்கோல் வண்டி முன்னால் வந்து மாட்டியது. அண்ணாச்சி வேகத்தைக் குறைத்தார்.

"என்னளா... போலாமா?"

சிவகாமியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலையை நீட்டினார். பார்த்தார். தேவைக்கு மேலேயே பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. ரோடு காலியாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும், "பொறுங்க" என்றார். இந்தத் தடவை நல்ல கணீரென்ற குரல். அண்ணாச்சி பொறுத்தார். அவர் பொறுத்ததை ஒரு கணம் திரும்பிப் பார்த்துக்கொண்டார் சிவகாமியம்மாள். பிறகு மறுபடி வெளியே எட்டிப் பார்த்து, "இப்பம் போலாம்" என்றார்.

போனது கார்.

பின் சீட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த சீட்டிலிருந்து வேறொரு பெண்ணின் குரல்! பொறாமையா என்று கேட்டால்... ஆமாம், பொறாமைதான். எனக்கு மட்டும் சொந்தமான வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இனி அதை யாரிடமும் சொல்லப் போவதில்லை என்று அந்த நிமிடம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் சாவியைக் கொடுத்தேன். என் ஷெட்டில் இருந்தால் அந்த சீட்டில் பரீட்சைப் பேப்பர்தான் உட்கார்ந்திருக்கும். அந்த சீட்டைச் செய்தது அதற்காக இல்லையே.

விலை? சொல்லமாட்டேன். சிரிப்பீர்கள்.

கார் போன பிறகு ஒன்று புரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. முன்பெல்லாம் மைக்கேலின் ஒர்க்‌ஷாப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவர் எதையாவது பிரிப்பார், மிஞ்சுகிற நட்டுக்குக் காரணம் சொல்வார், டீ வரும், நாலு பேர் வந்து அபிப்பிராயம் சொல்வார்கள். ரோட்டில் நின்றுபோனால் தள்ளுவதற்கு ஆட்கள் ஓடி வருவார்கள், குடத்தில் தண்ணீர் வரும். இப்போது வாசலில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருக்கிறது. காருக்குத்தான் செலவழிக்கிறேன் என்று இத்தனை நாளும் புலம்பினேனே... பாதிச் செலவு பேச்சுத் துணைக்குப் போயிருக்கிறது. அது தெரிந்திருந்தால் உங்களிடம் இவ்வளவு புலம்பியிருக்கமாட்டேன். ஓயாமல் ரிப்பேராகிற காரை வைத்திருப்பவர்களே, உங்கள் மெக்கானிக்கைத் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள்!

சரி, போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

இந்த வருட அசனப் பண்டிகை. இந்தத் தடவை பஸ். ஏரல் போய், அங்கிருந்து நாசரேத்துக்கு வேறு பஸ். பெண்கள் சீட் நிரம்பியிருந்ததால், வலது பக்கம், டிரைவருக்கு இரண்டு சீட் பின்னால் ஜன்னலோரம் கிடைத்தது. கொற்கைக்கு ரோடு பிரிகிற விலக்கைத் தாண்டியிருப்போம். பின்னால் மிளகாய் அரைக்கிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு.

எங்கள் பஸ் ரோட்டை அடைத்துக்கொண்டு மெதுவாகப் போகிறது. பின்னால் பச்சைக் கார். அண்ணாச்சிக்குப் பஸ்ஸின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது, பாவம். நான் இருந்த இடத்திலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. எதிரே வாழைத் தோட்டத்து வளைவு வரைக்கும் ரோடு சுத்தமாகக் காலி. ஒரு ஆடுகூட இல்லை. என் வாய் சொல்லிவிட்டது. "போலாம்."

மெதுவாகத்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தன்னிடம் பேசுவதாக நினைத்து, "எங்க?" என்றார். அப்போதுதான் கை வெளியே போயிற்று. இரண்டு வருடமாக வேலை இல்லாமல் இருந்த கை. முன்பக்கமாக வீசி வீசிக் காட்டினேன் — போலாம், போலாம், போலாம்!

கண்டக்டர் பார்த்தார். திட்டினார். கரம் உள்ளே வந்தது.

ஆனால் கார் முந்தவில்லை. ஏன்? மனசு கேட்கவில்லை. கரத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரத்தைக் கொஞ்சம் வெளியே நீட்டினேன். (நல்லவேளை, அப்போது கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.)

காரின் வலது ஜன்னலில் சிவகாமியம்மாளின் தலை. என் கையை அவர் பார்த்திருப்பார். நன்றாகத் தெரிந்திருக்கும். யாரோ ஒரு கை. அந்தக் கையை அவர் நம்பவில்லை. தானே எட்டி, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார்... பார்த்தார்... பிறகு அவர் உதடு அசைந்தது.

உடனே கார் வெளியே வந்தது. என் ஜன்னலுக்குக் கீழே, கைக்கு எட்டுகிற தூரத்தில் பச்சைக் கூரை ஊர்ந்து போனது. ஓரத்தில் புதிதாகத் துரு பிடித்திருந்தது. அண்ணாச்சி, அவருக்கு அந்தப் பக்கம் சிவகாமியம்மாள். "சிவகாமியம்மா!" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பார். ஏரலில் நிறுத்தி, என்னையும் ஏற்றிக்கொண்டு நாசரேத்து வரைக்கும் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். பின் சீட்டில் இடம் இருந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது கூப்பாடு.

நான் கூப்பிடவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவரைக் கூப்பிடக் கூடாது — அந்த சீட்டில் இருந்தவளுக்கு இது தெரியாதா?